பத்துப் பத்தாய் அனுப்பின முகம்

ஐயோ கவனம், அதில தேத்தண்ணிக் கோப்பையை வையாதையும் பிள்ளை. கண்ணாடி போட்டுத்தான் கிடக்கு, எண்டாலும் ஓரத்தால ஈரம் உள்ளுக்குப் போயிடும். இஞ்சால, இந்த ஜன்னல் கட்டில வையும். ஓம். சீனி காணுமே? காணாட்டிச் சொல்லும். டொக்டர் எனக்குச் சீனியை நிப்பாட்டினாப் பிறகு மற்றாக்களுக்குப் போடுற அளவும் மறந்துபோச்சு.

அதோ? அது பசில். துண்டு துண்டாப் பொருத்திற படம், ஆயிரம் துண்டு. இல்லை, பாதியில விடேல்ல. என்னட்டை இருக்கிறது அவ்வளவுதான். சுத்திவர மண்ணிறம், நடுவில ஓட்டை. வடிவாப் பாத்தீரெண்டா ஓட்டைக்கு ஒரு தலை இருக்கு, ரண்டு தோள் இருக்கு. ஆள் இல்லை. ஆள் நிண்ட இடம் மட்டும் கிடக்கு.

நீர் மொழிபெயர்க்கப் போற கடிதம் எல்லாத்திலயும் உந்தப் பசிலின்ர கதைதான். அதால முதல்ல அதைச் சொல்லிப்போடுறன். இல்லாட்டி உமக்கு விசர் பிடிக்கும். மூக்கு வந்திட்டுது, நாடி வந்திட்டுது, ஒரு காது இன்னும் வரேல்ல எண்டெல்லாம் எழுதியிருக்கும். குடிவரவுக் கந்தோரில இருந்து வாசிக்கிறவன், இவங்கள் ஆரையோ வெட்டித் துண்டு துண்டா அனுப்பியிருக்கிறாங்கள் எண்டு பொலிசுக்கு அடிச்சாலும் அடிப்பான். சிரியும், சிரியும். சிரிக்கத்தான் சொன்னனான்.

உமக்கு அஞ்சு மணிக்கு கார்டெறியில, அந்தப் பிள்ளைக் காப்பகத்தில, பிள்ளையை எடுக்கவேணும், என்ன? அப்ப நேரம் கிடக்கு. லொங்குய்யில இருந்து மஞ்சள் மெத்ரோ றெயில் பிடிச்சு, பேந்து மாறி, மொன்றியலில இந்த வில்லரே வரைக்கும் வந்திருக்கிறீர். நானே வந்திருப்பன், ஆனா இந்த மேசையைத் தூக்கிக்கொண்டு மெத்ரோவில ஏறேலாதே.

விசயம் போனில சொன்னதுதான். இந்த நாட்டில எனக்கு வதிவிடம் தரேக்கை ஒரு படிவம் நிரப்பினவை. பிள்ளையள் எத்தினை எண்டு ஒரு பெட்டி. நான் சுழியம் போட்டுக் கையெழுத்து வைச்சனான். எனக்கு ஒரு பிள்ளை. பொம்பிளைப்பிள்ளை. அந்தச் சுழியத்தை மாத்தவேணும். அவ்வளவுதான் வேலை.

ஓம், தெரியும். போனிலயும் சொன்னனீர். பொய் எழுதி எடுத்த பேப்பர் எண்டு சொல்லிப் பாஸ்போட்டைப் பறிக்கவும் கூடும். நாட்டை விட்டுப் போ எண்டும் சொல்லலாம். சொல்லட்டும். அறுபத்திரண்டு வயதுக் கிழவனைப் பிடிச்சு அனுப்பி அவைக்கு என்ன லாபம்? சந்தையில கிழங்கு தரம் பிரிச்சுத் தெரியிறதுக்கு ஆள் குறையும், அவ்வளவுதான்.

இல்லை, யோசிச்சுத்தான். வடிவா யோசிச்சுத்தான் உம்மைக் கூப்பிட்டனான்.

ஏன் சுழியம் போட்டனீர் எண்டு கேக்கமாட்டீரோ? எல்லாரும் முதல் கேக்கிறது அதைத்தான். அதாவது, நான் சொன்ன ஆக்கள். உம்மோட சேத்து ரண்டுபேர்.

அவள் தொண்ணூற்றஞ்சு ஆனியில பிறந்தவள். நீரும் தொண்ணூற்றஞ்சோ? மாசி. அப்ப நீர் நாலு மாசம் மூப்பு. பாரும். அவளைப் பெத்துப்போட்டு என்ர மனிசி கண்ணை மூடிட்டுது. மாக்கிரட். ஆஸ்பத்திரியில இரத்தம் இல்லை, வெளியில இருந்து எடுக்கப் பாதையில்லை. நாலு மாசத்தில யாழ்ப்பாணம் முழுக்க வெளிக்கிடச் சொல்லிப்போட்டினம். உம்மட ஆக்கள் மட்டக்களப்பு, உமக்குக் கேள்விதான். கைதடிப் பாலத்தால, மழையில, சனம் அரை அடி அரை அடியா நகருது. நான் அவளை ஓலைக் கடகத்துக்குள்ள வைச்சு, மேல பொலித்தீன் போட்டுத் தூக்கிக்கொண்டு போனனான். பொலித்தீனுக்குள்ளால மூச்சு வருதோ எண்டு பத்தடிக்கு ஒருக்காத் திறந்து பாக்கிறது. அவள் என்னைப் பாத்துச் சிரிக்கிறாள். ஊர் அழுதுகொண்டு போகுது, இவளுக்குச் சிரிப்பு.

கிளிநொச்சியில அக்காவோட விட்டிட்டு வந்தனான். அக்கா யோசெப்பின், அவவுக்குப் பிள்ளையில்லை. ஆறு மாசம், கூடினா ஒரு வருசம், பேந்து கூப்பிடுவன் எண்டு சொன்னன். ஓம். ஒரு வருசம் எண்டு.

கொழும்பில ஏஜென்சிக்காறன் சொன்னான், அண்ணை, தனிக்கட்டை எண்டு சொல்லும், பிள்ளை இருக்கெண்டா ஆறு மாசக் குழந்தையை ஏன் விட்டிட்டு வந்தனீர் எண்டு குடைவாங்கள், கதை பிழைக்கும், கேஸ் அடிபடும். ஆள் சொன்னதை நம்பினன். எல்லாரும் அப்பிடித்தான் பிள்ளை. கலியாணம் கட்டினவன் கட்டேல்ல எண்டான், கட்டாதவன் கட்டினது எண்டான், தம்பியை மகன் எண்டான். பேப்பரில ஒரு குடும்பம், நெஞ்சில ஒரு குடும்பம். இஞ்ச அகதி விசாரணையில பைபிளைத் தந்து கை வைக்கச் சொன்னவை. பக்கத்தில மொழிபெயர்க்க இருந்தவர் ஒரு வயசான ஐயா. அவர் கேட்டார், பிள்ளையள் உண்டோ எண்டு. நான் இல்லை எண்டன். அவர் என்னை ஒருக்காப் பாத்தார். பாத்துப்போட்டு அவையளுக்குச் சொன்னார். உம்மட தொழில்தானே அது. உமக்கு விளங்கும், பொய் எண்டு தெரிஞ்சாலும் அப்பிடியே சொல்லவேணும்.

பேந்து பேப்பர் கிடைச்சு, வக்கீலட்டைப் போய் மெல்லமாக் கேட்டன், ஐயா, எழுதாம விட்ட பிள்ளை ஒண்டு இருந்தா எப்பிடி எண்டு. சிநேகிதன் ஒருத்தனுக்கு எண்டு சொல்லித்தான் கேட்டனான். எழுதாத பிள்ளையைக் கூப்பிடேலாது எண்டிட்டார். போய்ச் சொன்னா உங்கட சிநேகிதனின்ர பேப்பரும் போயிடும் எண்டார். உங்கட சிநேகிதன். அவருக்கும் தெரியும்.

அதுக்குப் பிறகு எனக்கு ஒரு பயம் பிடிச்சுது பாரும். கடிதத்தை இந்த அரசாங்கம் உடைச்சுப் பாக்கும் எண்டு. இப்ப யோசிக்கச் சிரிப்பு வருது. கனடாவுக்கு வேற வேலையில்லை, சந்தையில தக்காளி தெரியிற செபமாலையின்ர கடிதத்தை நெருப்புக்கு மேல பிடிச்சு வாசிக்கப்போகுது. ஆனா நாங்கள் வந்த இடத்தில கடிதம் உடைக்கிறவங்கள்தானே. அக்காவுக்குச் சொல்லிவிட்டன், அவளை உங்கட பிள்ளை எண்டே வளவுங்கோ, எனக்கு மாமா எண்டு எழுதட்டும், போட்டோ கேக்கவேண்டாம், அனுப்பமாட்டன். கிளிநொச்சியால மல்லாவி, மல்லாவியால திரும்பக் கிளிநொச்சி எண்டு அலைஞ்சதில அக்காவிட்டை இருந்த என்ர படமும் துலைஞ்சுபோச்சு.

ஓம். அதால கடிதம் எல்லாத்திலயும் அன்புள்ள மாமா எண்டுதான் இருக்கும். அம்மா எண்டு வாறது என்ர அக்கா. கண்டீரோ, இதைத்தான் முதல் சொல்லவேணும் எண்டனான். இரும், உமக்கு விளங்கும் எண்டு நினைக்கிறன்: நான் அப்பன் எண்டு காட்ட என்னட்டை இருக்கிற சாட்சி முழுக்க என்னை மாமா எண்டு சொல்லுது. ஞானஸ்நான அத்தாட்சி ஒண்டு இருக்கு, அது பூச்சி அரிச்சு என்ர பேரில பாதி இல்லை.

அவளுக்குத் தெரியும். அக்கா சொல்லியிருக்கிறா. அஞ்சு வயதில காதுக்குள்ள சொன்னவவாம், கனடாவில இருக்கிறது உன்ர அப்பா, ஆனா பேப்பர் வருமட்டும் மாமா எண்டு சொல்லவேணும். அவள் கேட்டாளாம், பேப்பர் எப்ப வரும் எண்டு. அந்த வயதிலயே சரியான கேள்வி.

இந்தப் பசில் எனக்கு ஜூலை முதலாம் திகதி கிடைச்சது. ரண்டாயிரத்து ஒண்டு. ஓம், முழு மொன்றியலும் வீடு மாறுற நாள்தான். இந்த றோட்டு முழுக்கச் சாமான். எங்கட சனம் முழுக்க அண்டைக்கு ராசாக்கள். இந்தக் கதிரை, அந்த விளக்கு, இந்த மேசை, எல்லாம் றோட்டில எடுத்ததுதான். கீழ்வீட்டுக்காறர் விட்டிட்டுப் போன பெட்டிக்குள்ள இது. பொறும், மூடி இருக்கு, காட்டுறன். பாரும். சுருட்டைத் தலைமயிர், கழுத்தில வெள்ளைத் துணி, கறுப்பு அங்கி. நான் முதல்ல ஒரு மேற்றிராணியார், ஒரு பிஷப் எண்டு நினைச்சுத்தான் எடுத்தனான். மேற்றிராணியாரை குப்பையில விடக்கூடாதெல்லே. பேந்துதான் வாசிச்சன். டானியல் ஓகொனல். ஐயர்லாந்து. அரசியல்வாதியாம்.

அந்தக் குளிருக்கு நான் தனிய இருந்து முழுசையும் பொருத்தினன். நான் சந்தையில செய்யிற மாதிரித்தான். முதல்ல நிறத்துக்கு நிறம் தெரிஞ்சு சட்டியில போடுறது, பேந்து அளவு. பொருத்தி முடிய எனக்குச் சந்தோசம் வரேல்ல. இனி என்ன செய்யிறது எண்டிருந்தது. அந்த நேரம் அங்க பாதை திறந்திட்டுது, சமாதானம் எண்டினம், தபால் போகுது. அவளின்ர முதல் கடிதம் வந்தது. ஏழு வயது. பென்சிலால ஒரு பக்கம். அன்புள்ள மாமா, நான் சுகம், நீங்கள் சுகமா, எனக்கு ஒரு விளையாட்டுச் சாமான் அனுப்புங்கோ.

பெட்டியோட அனுப்பியிருக்கலாம். ஓம் பிள்ளை, அனுப்பியிருக்கலாம். அனுப்பினா ஒரு கிழமையில பொருத்திப்போடுவாள். பேந்து எனக்கு என்னத்துக்கு எழுதுவாள்? அதால ஒரு கடிதத்துக்குப் பத்துத் துண்டு. அதுக்கு மேல போட்டா உறை பொம்மும். நான் பொருத்தின படத்தில இருந்து அங்கியின்ர கீழ் மூலையால கழட்டிக் கழட்டி அனுப்பினன். நீ பதில் போட்டா அடுத்த பத்து வரும் எண்டு எழுதினன். மூடி அனுப்பேல்ல. படம் என்னெண்டு தெரிஞ்சா ருசி போயிடும் எண்டு நினைச்சன். அதைத்தான் இப்பவும் யோசிக்கிறன். மூடியை அனுப்பியிருந்தா அதில அந்த மனிசன்ர பேர் இருந்திருக்கும்.

ஆறு வருசம். மாசம் ஒண்டு. சிலது போய்ச் சேரேல்ல, அதுக்கு அவள் திட்டி எழுதுவாள். இந்தா, இது பாரும், வாசியும். உமக்குத் தமிழ் எழுத்து ஓடுறது பெரிய புண்ணியம். இஞ்ச பிறந்ததுகள் இதைப் பாத்தா ஜிலேபி எண்டுங்கள். வாசியும். மாமா, பொத்தான் ஒண்டு பாதியில நிக்குது, மற்றப் பாதியை தபால்காறர் திண்டிட்டாரோ. பத்து வயதில எழுதினது. கொழுப்பு. மாக்கிரட்டின்ர வாய் அப்பிடியே.

ரண்டாயிரத்து ஏழாம் ஆண்டளவிலதான் முகம் போகத் தொடங்கினது. எனக்கு ஒண்டும் தோணேல்ல. நாடியை அனுப்பினன், வாயை அனுப்பினன். சந்தையில பெட்டி இறக்கிற மாதிரி, வரிசையில அடுத்தது எதோ அது. அப்பத்தான் இந்தக் கடிதம் வந்தது. இதைத்தான் பிள்ளை நீர் கவனமாச் செய்யவேணும். மற்றதுகளில பிழை விட்டாலும் பறவாயில்லை. சத்தமா வாசியும். ஓம், எனக்குப் பாடம்தான், எண்டாலும் வாசியும்.

சரி, நான் சொல்லுறன். உமக்கு ஏலாது போல.

அன்புள்ள மாமா, மூக்கு வந்திட்டுது. எனக்கு உங்கட மூக்கு எண்டு அம்மா சொல்லுறவ. கண்ணாடியில வைச்சுப் பாத்தன், என்ர மூக்கு அப்பிடியில்லை. அம்மா பொய் சொல்லுறாவோ, இல்லாட்டிக் குளிருக்கு உங்கட மூக்கு நீண்டிட்டுதோ.

விளங்குதே? உமக்கு விளங்குது. அவள் அது நான் எண்டு நினைச்சிருக்கிறாள். அஞ்சு வருசமா. முதல் மூலைத் துண்டு போன நாளில இருந்து. மாமாவுக்குப் படம் அனுப்பேலாது, அதால தன்னை ஆயிரம் துண்டா வெட்டி ஒளிச்சு ஒளிச்சு அனுப்புறார் எண்டு பிள்ளை கணக்குப் போட்டிருக்கு. நான் சொன்னது ஒரு விளையாட்டு. அவள் அதை அப்பிடி விளங்கேல்ல. நல்ல பிள்ளையெல்லே, ஒருத்தருக்கும் சொல்லாமல் வைச்சிருந்திருக்கிறாள்.

ரண்டு கிழமை எனக்குப் பதில் எழுதக் கை வரேல்ல. இல்லை மகள், அது ஆரோ ஒரு வெள்ளைக்காறன் எண்டு எழுதினா, அப்ப உங்கட முகம் எங்க எண்டு கேப்பாள். ஓம் எண்டு எழுதவும் ஏலாது. நான் என்ன எழுதினன் தெரியுமோ? முழுசும் பொருத்திப் பார், பேந்து தெரியும் எண்டு எழுதினன். சந்தையில பழுதான பழத்தைக் கீழ வைச்சு நல்லதை மேல அடுக்கிற மாதிரி ஒரு பதில். அவள் அதை ஓம் எண்டு எடுத்திட்டாள். வேற எப்பிடி எடுப்பாள்?

கண் போனது அடுத்த வருசம். கண்ணை அனுப்பாமல் விடுவம் எண்டும் யோசிச்சனான். மூடியில பாரும், நீலம். அதுக்கு அவள் எழுதினது இது. மாமா, கண் ரண்டும் வந்திட்டுது. நீலமாக் கிடக்கு. அது அச்சடிச்ச ஆக்கள் விட்ட பிழை எண்டு எனக்குத் தெரியும். நான் கறுப்புப் பேனையால வடிவாப் பூசிப்போட்டன். இப்ப சரி. இப்ப நீங்கள் என்னைப் பாக்கிறியள்.

ம்.

தேத்தண்ணி ஆறுது பிள்ளை. குடியும். கண் துடைக்கக் கடதாசி அதில கிடக்கு.

கடைசிக் கடிதம் இது. ஆவணி எண்டு திகதி போட்டிருக்கு, ரண்டாயிரத்து எட்டு. வந்தது ஐப்பசியில. சோத்துப் பசை காய்ச்சி எல்லாத்தையும் ஒரு மட்டையில ஒட்டிப்போட்டன், மாதாப் படத்துக்குப் பக்கத்தில வைச்சிருக்கிறன், சுத்திவர உள்ளதைக் கெதியா அனுப்புங்கோ, தலைக்குப் பின்னால ஒண்டும் இல்லாமல் நீங்கள் வெட்டி எடுத்த மாதிரி நிக்கிறியள். சுத்திவர உள்ளது இது. இந்த மண்ணிறம். எல்லாம் ஒரே நிறம், பிள்ளைக்கு அலுக்கும் எண்டு கடைசிக்கு வைச்சிருந்தனான். அதுக்குப் பிறகு தபால் எடுக்கேல்ல. நான் கொண்டுபோய்க் குடுத்தன், தபால் கந்தோரில இருந்தவ திருப்பித் தந்தா, மிசியூ, அந்த இடத்துக்கு இப்ப போகாது எண்டு.

அந்த ஐயர்லாந்துக்காறர் ஆரெண்டு எனக்கு இப்ப கொஞ்ச வருசத்துக்கு முந்தித்தான் தெரியும். சந்தைக்குச் சனிக்கிழமையில ஒரு கிழவி வாறவ, லீக்ஸும் கிழங்கும் வாங்க. ஐயர்லாந்து வழி எண்டு தானே சொல்லுவா. ஒருநாள் இந்த மூடியைக் கொண்டுபோய்க் காட்டினன். மனிசிக்குச் சரியான புளுகம், சந்தோசம் தாங்கேல்ல. கிழங்குப் பையைக் கீழ வைச்சிட்டுக் கதை சொன்னா. அவர் தேர்தலில வெண்டு பாராளுமன்றத்துக்குப் போனவராம். கதிரையில இருக்க முதல் ஒரு சத்தியம் சொல்லவேணும். அதில கத்தோலிக்க வேதம் பிழை எண்டு வருமாம். மனிசன் கடதாசியை வாங்கி, ஆறுதலா வாசிச்சு, இதில பொய் எண்டு எனக்குத் தெரிஞ்ச விசயம் கிடக்கு, நான் சொல்லமாட்டன் எண்டிட்டுத் திரும்பி வந்திட்டாராம். ஒரு சொல்லு. சொல்லிப்போட்டுக் கதிரையில இருந்திருக்கலாம். அவரின்ர வெற்றியாலதான் சட்டத்தையே மாத்தினவையாம்.

நான் கிழங்கு நிறுத்துக்கொண்டு நிண்டனான். ரண்டு கிலோ கேட்டவவுக்கு நாலு கிலோ போட்டிட்டன். அப்பிடிப்பட்ட ஆளையெல்லே பிள்ளை நான் என்ர முகம் எண்டு அவளுக்கு அனுப்பியிருக்கிறன். உலகத்தில இவ்வளவு கோடி சனத்துக்குள்ள ஆரின்ர முகமும் அகப்பட்டிருக்கலாம்.

ஓம், ஓம், நேரம் போகுது. எழுதுவம். நீர் கேளும், நான் சொல்லுறன்.

ஏன் இப்ப எண்டோ? நல்ல கேள்வி. போன கார்த்திகையில கண்ணுக்கு ஒப்பரேசன் செய்தவை. படலம் எடுத்தது. முதல்நாள் ஒரு தாதிப் பெட்டை, உம்மட வயதுதான், படிவத்தை வைச்சுக்கொண்டு பிரெஞ்சில கேட்டுக்கொண்டு போறாள். அலேர்ஜி இருக்கோ, பல்லுக் கட்டினதோ, வீட்டை கூட்டிக்கொண்டு போக ஆர் வருவினம். பிள்ளையள் இருக்கினமோ, மிசியூ? நான் நோ எண்டன்.

பிரெஞ்சில எனக்கு நூறு சொல்லுத்தான் தெரியும். அந்த நூறில ஒண்டை எடுத்து நோ எண்டன். யோசிக்கக்கூட இல்லை. ஏஜென்சிக்காறன் செத்துப் பதினஞ்சு வருசம். பைபிள் இல்லை, நீதவான் இல்லை. ஒருத்தரும் என்னைப் பொய் சொல்லச் சொல்லேல்ல. அந்தப் பெட்டை சிரிச்சுக்கொண்டு, சரி மிசியூ, அயலவர் ஆரும் வருவினமோ எண்டு அடுத்ததுக்குப் போட்டாள். இராயப்பர் யேசுவைத் தெரியாதெண்டு மூண்டு தரம் மறுதலிச்சிட்டு வெளியில போய் அழுதவர். நான் முப்பது வருசமா மறுதலிச்சிட்டு, கண்ணுக்குக் கட்டுப் போட்டுக்கொண்டு வீட்டை வந்து சோறு திண்டனான்.

அண்டைக்குத்தான் முடிவெடுத்தது. மகள் எண்டு வாய்விட்டுச் சொல்லிப் பழகவேணும் எண்டு. உமக்குப் போன் எடுக்க முதல் நாலு தரம் குசினிக்குள்ள நிண்டு சொல்லிப் பாத்தனான். எனக்கு ஒரு மகள். எனக்கு ஒரு மகள். நாக்குத் தடக்குது.

சரி, படிவம். நீர் கேளும்.

விலாசமோ? அதுக்கு ஒரு கோடு போட்டுவிடும். போடலாமோ? சரி.

வயது பதின்மூண்டு.

இல்லைப் பிள்ளை, உம்மட கணக்குப் பிழைக்கேல்ல. தொண்ணூற்றஞ்சுதான். உமக்கு நாலு மாசம் இளமைதான். வயது பதின்மூண்டோட நிண்டிட்டுது. ரண்டாயிரத்து ஒன்பது, பங்குனி. கடைசிச் சண்டையில, மாத்தளனில.

ஏன் எழும்புறீர்? இரும். இரும் பிள்ளை. நான் உமக்குப் பொய் சொல்லேல்ல. அவளைக் கூப்பிடப்போறன் எண்டு நான் எங்கயும் சொல்லேல்ல, நீராத்தான் அப்பிடி எடுத்தனீர். நானும் திருத்தேல்ல. பாத்தீரே, பழக்கம். கொஞ்ச நேரத்துக்கு ஆரோ ஒராள் அவள் வருவாள் எண்டு நம்பிக்கொண்டு என்ர வீட்டில இருந்தது நல்லாயிருந்தது. மன்னிச்சுக்கொள்ளும்.

அக்கா தப்பினவ. இப்ப பாசையூரில இருக்கிறா. அவ சொன்னதுதான். பங்கரால பங்கருக்கு ஓடேக்கை மற்றப் பிள்ளையள் சட்டை எடுத்ததுகள், இவள் மட்டையை எடுத்தவளாம். மழை வந்தா மட்டையைச் சட்டைக்குள்ள வைச்சிட்டுத் தான் நனையிறது. அக்கா பேசினவவாம், எறிஞ்சுபோட்டு வாடி எண்டு. அதுக்கு அவள், கப்பலில ஏத்தி எங்களைக் கனடாவுக்குக் கொண்டுபோனா அவ்வளவு சனத்துக்குள்ள நான் எப்பிடி ஆளைக் கண்டுபிடிக்கிறது எண்டு கேட்டவளாம். அந்த மட்டையோட சேத்துத்தான் அவளை மண்ணில தாட்டது எண்டு அக்கா சொன்னா. வேற ஒண்டும் கிடைக்கேல்ல, சுத்துறதுக்கு.

அழாதையும் பிள்ளை. நீர் அழுதா உம்மட எழுத்துக் கோணும். அந்தப் படிவத்தை நான் ரண்டு தரம் எடுத்தாச்சு, திரும்ப என்னைக் கந்தோருக்கு அனுப்பாதையும்.

இல்லை, ஒரு பிரியோசனமும் இல்லை. தெரியும். பாஸ்போட் போனாப் போகட்டும். எனக்கு அவையள் ஒண்டும் தரவேண்டாம். ஏதோ ஒரு கந்தோரில, ஏதோ ஒரு றாக்கையில, என்ர பேர் போட்ட பைல் ஒண்டு கிடக்கு. நான் செத்தாப் பிறகும் அது கிடக்கும். அதில பிள்ளையள் எண்ட பெட்டிக்குள்ள சுழியம் கிடக்கு. அது அவள்தான். நான் என்ர கையால போட்டது. அதை ஒண்டாக்கவேணும். வேற என்ன இருக்கு எனக்குச் செய்ய.

எழுதும். முதற்பேர் நிலானி. நி, லா, னி.

குடும்பப் பேரோ? என்ர பேர்தான் பிள்ளை. செபமாலை. வடிவா, கொட்டை எழுத்தில எழுதும்.